"படகுல ஏற மாட்டேன்!"

கடலுக்கும் எங்க ஊர் போடிநாயக்கனூருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, குழம்புல போடுற உப்பைத் தவிர வேறொண்ணும் கிடையாது. சுத்தி மலை, மிச்சம் இருக்கிற பக்கம் தேனிக்குப் போற ரோடு. அவ்வளவுதான் ஊர். மழைக்காலத்துல விடியக்காலை போடிமெட்டு ஏறி நின்னா, கீழே ஊரு, தோப்பு, ரோடு எதுவும் தெரியாது. பள்ளம் முழுக்க மேகம் வெள்ளையாப் படுத்திருக்கும். அதுக்கு நடுவுல மலை உச்சிகள் மட்டும் அங்கங்க தலையை நீட்டிக்கிட்டு நிற்கும். எங்களுக்குத் தெரிஞ்ச கடலும் அதுதான், தீவும் அதுதான்.

இப்படிப்பட்ட குடும்பம் ஒண்ணு, ஏழு வயசுப் பொண்ணையும் நாலு வயசுப் பையனையும் கூட்டிக்கிட்டு, நிஜக் கடல்ல படகேறி நிஜத் தீவுக்குப் போயிட்டு வந்த கதைதான் இது. பசங்களைச் சமாளிச்சது பெரிய விஷயமே இல்லை பிரெண்ட்ஸ். எங்க அம்மாவைப் படகுல ஏத்தினதுதான் பெரிய விஷயம்!

காரணம் இருக்கு. 2009ல எனக்கு அஞ்சு வயசு. அந்த வருஷ ஆயுத பூஜை லீவுல, செப்டம்பர் 28ஆம் தேதி, அப்பா எங்க எல்லாரையும் தேக்கடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஏரியில படகு சவாரி. 1895ல முல்லைப் பெரியாறு அணை கட்டினப்ப தண்ணியில முங்கின மரங்கள் இன்னமும் கறுப்பாக் குச்சி குச்சியா நிற்கும் பார்த்திருக்கீங்களா, அந்தக் குச்சியும், அதுமேல உட்கார்ந்திருந்த ஒரு பறவையும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. திங்கட்கிழமை போனோம், ராத்திரி வீடு திரும்பினோம். புதன்கிழமை, செப்டம்பர் 30, சாயங்காலம் அதே ஏரியில 'ஜலகன்யகா'ங்கிற படகு கவிழ்ந்து 45 பேர் செத்துப் போனாங்க. நாங்க போன படகு அதுதானா, வேறயான்னு யாருக்கும் தெரியாது. ஆனா அதேதான்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி டி.வி. முன்னால உட்கார்ந்து, என்னையும் அக்காவையும் மடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அவங்க அழுதது மங்கலா நினைவிருக்கு. தேக்கடியில லைஃப் ஜாக்கெட் இல்லாம படகுல ஏற முடியாதுங்கிற நிலைமை அதுக்கப்புறம்தான் வந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "இனி என் ஆயுசுல படகுல ஏற மாட்டேன், நீங்களும் ஏறக் கூடாது." ஒரே போடு!

பதினாறு வருஷம் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. கொடைக்கானல் போனா ஏரியைச் சுத்தி சைக்கிள் மட்டும். வைகை டேம் போனா பூங்கா மட்டும். காலேஜ் டூர்ல ஒரு தடவை படகேறிட்டு, ஏறலைன்னு நான் பொய் சொன்னது தனிக் கதை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. படகுக்கு இவ்வளவு பயப்படுற எங்க அம்மா தினமும் போற வண்டி எது தெரியுமா? தோட்டத்து ஜீப்பு. ஏலக்காய் சீசன் வந்துட்டா காலையில அஞ்சரை மணிக்கு தூக்குவாளியோட தெருமுனைக்குப் போயிடணும். போடியில இருந்து மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதுல பெஞ்சு நிறைய ஆளை உட்கார வச்சு, பின்னால தொங்குறதுக்கும் ரெண்டு பேரை விட்டு, பனியில ஹெட்லைட் போட்டுக்கிட்டு அந்த ஜீப்பு ஏறும். பதினாலு, பதினஞ்சு பேர் சர்வசாதாரணம். மலையில ஜீப்பு உருண்டதுன்னு எங்க ஊர்ல கேள்விப்படாத வருஷமே கிடையாது. அந்த ஜீப்பை ஓட்டுறது யாருங்கிறீங்க? எங்க அப்பாவேதான்! வண்டி சொந்தமில்லை. தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு. தலை குறைஞ்சா அப்பா கையில நிக்கிற காசும் குறையும்.

ஒரு தடவை நான் அம்மாகிட்ட மடக்கினேன். "தினமும் அந்த ஜீப்புல போறியேம்மா, அதுல பயமில்லையா? ஏரித் தண்ணியில லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் போறதுக்கு மட்டும் பயமா?"

அம்மா கொஞ்சமும் அசரலை. "அது கூலிக்குப் போறதுடி. போகலைன்னா உலை வைக்க முடியாது. இது சும்மா போறது. சும்மா போறதுக்கு எதுக்கு உசுரைக் கொண்டு போய்த் தண்ணியில வைக்கணும்?"

நான் பி.காம். லாபம், நட்டம், ரிஸ்க்னு மூணு வருஷமாப் படிக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

சரி, அப்புறம் எப்படி ஏறினாங்க? அக்கா பொண்ணு இருக்காளே, ஏழு வயசு, அவதான் ஆரம்பிச்சு வச்சா. ஸ்கூல்ல தீவுன்னா நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலப்பகுதின்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்து, "சித்தி, நாலு பக்கமும் தண்ணின்னா அங்க எப்படி பஸ் போகும்?"னு கேட்டா. போகாது, படகுதான்னு சொன்னேன். அவ்வளவுதான். தம்பிக்காரனும் சேர்ந்துக்கிட்டு ரெண்டும் தினமும் "படகு, படகு"ன்னு பாட்டுப் பாட ஆரம்பிச்சிட்டாங்க. அம்மா காதுலயே வாங்கலை. கடைசியில ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே அப்பா மெதுவா சொன்னாங்க: "இருபத்தஞ்சு வருஷமா ஊரையே ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டுறேன். ஒரு தடவையாச்சும் யாரோ ஓட்ட, நான் சும்மா உக்காந்துட்டு வரணும்." அம்மா ஒண்ணும் சொல்லாம ரசத்தை ஊத்தினாங்க. மறுநாள், "ஸ்வெட்டர் எடுக்கணுமா?"ன்னு கேட்டாங்க. சம்மதம்!

பொங்கல் லீவுல கிளம்பினோம். அக்கா வீட்டு மாமாவுக்கு லீவு கிடைக்கலை. ஆக, அப்பா, அம்மா, அக்கா, நான், ரெண்டு வாண்டுகள். போடியில ரயிலேறினோம். இந்த ரயிலுக்கும் ஒரு கதை உண்டு. 2010 டிசம்பர் 31ஓட எங்க ஊர் மீட்டர் கேஜ் ரயில் நின்னு போச்சு. பிராட் கேஜ் ஆக்கி, திரும்ப போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15ல. பன்னண்டு வருஷத்துக்கு மேல ரயில் இல்லாத ஸ்டேஷன் எங்களோடது. நான் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் தண்டவாளத்துல ஆடு மேஞ்சது. இப்ப எங்க வாண்டுகள் ஜன்னல் சீட்டுக்கு அடிச்சிக்கிறதைப் பார்க்கச் சந்தோஷமா இருந்தது.

மதுரையில சொந்தக்காரங்க வீட்டுல ராத் தங்கிட்டு, காலையில ராமேஸ்வரம் ரயில். பாம்பன்ல 1914ல கட்டின பழைய பாலத்துக்குப் பக்கத்துலயே புதுப் பாலம், 2025 ஏப்ரல் 6ல திறந்தது. கப்பல் வந்தா அதோட நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், லிஃப்ட் மாதிரி அப்படியே நெட்டுக்குத்தா மேல போகும். நாங்க போனப்ப எந்தக் கப்பலும் வரலை, சின்னவனுக்குப் பெரிய ஏமாற்றம். அம்மா பாலம் முடியுற வரைக்கும் கண்ணைத் திறக்கலை. "முடிஞ்சுதா?", "இல்லம்மா", "முடிஞ்சுதா?", "இன்னும் இல்லம்மா." ரெண்டு கிலோமீட்டரும் இதே டயலாக்தான்.

கோயில்ல மட்டும் ஆளே வேற. 22 தீர்த்தத்துலயும் வாளி வாளியாத் தலையில வாங்கிட்டு, "இன்னொரு வாளி ஊத்துங்க தம்பி"ன்னு கேட்டு வாங்கினாங்க. தண்ணிமேல பயம்னு யாராவது நம்புவாங்களா?

மறுநாள் காலையில பாம்பன் பக்கத்துல குந்துகால். 1897 ஜனவரி 26ல விவேகானந்தர் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இறங்கின இடம் இதுதான், நினைவு மண்டபம் இருக்கு. இங்க இருந்துதான் குருசடைத் தீவுக்கு வனத்துறையோட படகு. போறதுக்கு முன்னால காத்து எப்படின்னு விசாரிச்சுட்டுப் போங்க மக்களே. ராமேஸ்வரத்துக்காரங்க வடக்குக் கடலைப் பெண் கடல்னும், தெக்குக் கடலை ஆண் கடல்னும் சொல்வாங்க. ஆனா வாடைக் காத்து அடிக்கிற மாசங்கள்ல வடக்குப் பக்கம்தான் முரண்டு பிடிக்கும், தெக்குப் பக்கம் சாதுவாக் கிடக்கும். நடு வருஷத்துல தெக்கத்திக் காத்து வந்துட்டா கதை தலைகீழ். நாங்க போனது தை மாசம், தெக்குக் கடல் எங்க ஊர் கண்மாய் மாதிரி இருந்தது. குட்டிப் பசங்களைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இது முக்கியம். படகை விட்டாங்களே ஏறிடலாம்ங்கிறது வேற, பசங்க வாந்தி எடுக்காம வருவாங்களாங்கிறது வேற.

ஜெட்டியில அம்மாவோட இன்னொரு முகத்தைப் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட் கொடுத்தாங்க. சின்னவனுக்குப் போட்ட ஜாக்கெட்டை அம்மா தோள்பட்டையில பிடிச்சு மேல தூக்கிப் பார்த்தாங்க. ஜாக்கெட் காது வரைக்கும் வந்துச்சு, பையன் கீழேயே நின்னான். "இது ஆகாது தம்பி. தண்ணியில விழுந்தா ஜாக்கெட்டு மிதக்கும், பிள்ளை உள்ள போயிடும்." கூட வந்த வழிகாட்டி அண்ணன் சிரிச்சுக்கிட்டே சின்ன சைஸ் ஒண்ணு எடுத்துட்டு வந்து, காலுக்கு நடுவுல ஒரு பட்டையைக் கொடுத்து இறுக்கிக் கட்டினார். அம்மா திரும்பத் தூக்கிப் பார்த்தாங்க. இந்தத் தடவை பையனும் சேர்ந்து வந்தான். இதை எங்க கத்துக்கிட்டாங்கன்னு அப்புறம் கேட்டேன். "முதுகுல காய்ச் சாக்கைக் கட்டிக்கிட்டுச் சரிவுல இறங்குறவளுக்கு, எந்தக் கட்டு நிக்கும், எது நழுவும்னு தெரியாதாக்கும்?" அப்படின்னாங்க.

அடுத்தது எண்ணிக்கை. படகுல எத்தனை பேர்னு விரலை நீட்டி எண்ணினாங்க. ஓட்டுறவர், வழிகாட்டி, எங்க ஆறு பேர், வேற ஊர்ல இருந்து வந்த நாலு பேர். பன்னண்டு. "இதுக்கு மேல யாரையும் ஏத்த மாட்டீங்களே?" "மாட்டோம்க்கா." "கடைசி நேரத்துல ஒருத்தர் ஓடி வந்தா?" "அடுத்த டிரிப்தான்க்கா." அப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

படகு கிளம்பிச்சு. அப்பா, ஓட்டுறவருக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிட்டாங்க. சும்மா உக்காந்துட்டு வரணும்னு சொன்ன மனுஷன் அவர் கையையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. தண்ணி முதல்ல கலங்கலா, அப்புறம் பச்சையா, அப்புறம் எங்க ஊர்ல எந்தச் சேலைக்கும் இல்லாத ஒரு நீலமா மாறுச்சு. பெரியவள் நாலு பக்கமும் தண்ணி இருக்கான்னு திரும்பித் திரும்பிச் சரி பார்த்தா. சின்னவன் பாதி தூரத்துல முகம் வெளுத்துப் போய் என் மேல சாஞ்சான். அம்மா சுருக்குப் பையைத் திறந்து ஏலக்காய் எடுத்து உரிச்சு, ரெண்டு அரியை அவன் வாயில போட்டாங்க. குமட்டலுக்கு மலைக்காரங்க மருந்து. மலையேறுற ஜீப்புல புதுசா வர்றவங்களுக்கும் இதுதான். அந்த வேற ஊர்க்காரங்க நாலு பேரும் கையை நீட்ட, படகு ஓட்டுறவரும் நீட்டினார். கொஞ்ச நேரத்துல டீசல் வாசனை போய்ப் படகு முழுக்க ஏலக்காய் வாசனை. அஞ்சு கிலோ பச்சைக் காய் எடுத்து ஸ்டோர்ல காய வச்சா ஒரு கிலோ கிடைக்கும்னு அம்மா எல்லாருக்கும் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. பயம் போயிடுச்சுன்னு நினைச்சேன்.

அப்பதான் அந்த நாலு பேர்ல ஒருத்தர், "ஆமை! ஆமை!"ன்னு கத்தினார். இடது பக்கம். அவங்க நாலு பேரும் எழுந்து அந்தப் பக்கம் பாய்ஞ்சாங்க. பெரியவளும் எழுந்துட்டா. நானும்தான். படகு அந்தப் பக்கமா ஒரு சாய்வு சாய்ஞ்சது. பெருசா ஒண்ணுமில்லை, கை அளவு கூட இருக்காது.

"உக்காருங்கடா எல்லாரும்!"

அந்தக் குரலை நான் அதுக்கு முன்னால கேட்டதில்லை. எல்லாரும் அப்படியே உட்கார்ந்துட்டோம். தேக்கடியில அந்தப் படகு கவிழ்றதுக்கு முன்னால, விலங்கைப் பார்க்க ஜனங்க ஒரு பக்கமா ஒதுங்கினாங்கன்னு பேப்பர்ல எழுதினதை அம்மா மறக்கவே இல்லை. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டிருந்தாங்க. அந்த மனுஷர் சங்கடத்தோட, "ஸாரிம்மா"ன்னார். படகு ஓட்டுறவர் வேகத்தைக் குறைச்சார். "அம்மா சொல்றதுதான் சரி. உக்காந்த இடத்துல இருந்தே பாருங்க, நான் திருப்புறேன்"னு சொல்லி, படகை மெல்ல வளைச்சு அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் ஆமை வர்ற மாதிரி கொண்டு வந்தார். தட்டு மாதிரி ஒரு முதுகு, அப்புறம் கிழவி மாதிரி சுருங்கின ஒரு தலை. ஒரு மூச்சு விட்டுட்டு உள்ள போயிடுச்சு. "நம்ம அம்மாச்சி மாதிரியே இருக்கு"ன்னு சின்னவன் சொன்னான். அம்மாதான் முதல்ல சிரிச்சாங்க.

குருசடை பத்தி ஜூவாலஜி படிக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகெலும்பு இல்லாத பிராணிக்கும் இருக்கிற பிராணிக்கும் நடுவுல இருக்கிற சொந்தக்காரன்னு பாடத்துல வருமே பலனோகிளாசஸ், அந்தப் புழு கிடைக்கிற இடம். அதனால உயிரியல்காரங்களோட சொர்க்கம்னு இந்தத் தீவுக்குப் பேர். மண்ணுக்குள்ள இருக்கிற அந்தப் புழு எங்க கண்ணுக்குப் படலை. கரையில கிடந்த பவளத் துண்டுகள்தான் பட்டுச்சு. மூளை மாதிரி வரி போட்டது, தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டது, மான் கொம்பு மாதிரி கிளை விட்டது. கல்லுன்னு நினைச்சா கல்லில்லை, ஊசி முனை அளவுப் பிராணிகள் கூட்டம் கூட்டமாச் சேர்ந்து கட்டின வீடு. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினா ரெண்டு வளர்ந்தாலே அதிகம்.

ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் இந்த மாதிரி 21 தீவுகள். 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986ல மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. நினைச்ச தீவுல போய் இறங்க முடியாது. 21ல ரெண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், இப்ப தண்ணிக்கு மேல கிடையாது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் சுத்தியிருந்த பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்தாங்க. அலையைத் தடுக்க ஆள் இல்லாம போச்சு. கடல் வந்து மண்ணை வழிச்சுட்டுப் போயிடுச்சு. 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல புலி, யானை இருக்கிற அதே முதல் பட்டியல்ல சேர்த்தாங்க. ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்தான்.

வழிகாட்டி அண்ணன் இதைச் சொல்லி முடிச்சுட்டு, "யாராவது ஞாபகத்துக்குன்னு எடுத்திருந்தா இங்கேயே போட்டுடுங்க"ன்னார். பொதுவாத்தான் சொன்னார். சின்னவன் டவுசர் பாக்கெட்டைக் கையால மூடினான். அக்கா எடுக்கச் சொல்ல, அவன் "என்னோடது"ன்னு ஒரு அழுகை.

அதே நேரம், யாரும் கேட்காமலே அம்மா சுருக்குப் பையோட கயிறை அவிழ்த்து, உள் பக்கத்தை வெளிய திருப்பி அந்த அண்ணன் முன்னால நீட்டினாங்க. நாலஞ்சு ஏலக்காய், ஒரு கோயில் குங்குமப் பொட்டலம், பஸ் டிக்கெட். அப்புறம் மடியை உதறிக் காட்டினாங்க.

அந்த அண்ணன் பதறிட்டார். "ஐயோ, உங்களைச் சொல்லலைக்கா, நீங்க எதுக்கு..."

அம்மாவுக்கும் அப்பதான் உறைச்சது. "பழக்கம் தம்பி"ன்னாங்க. தோட்டத்துல சாயங்காலம் வேலை முடிஞ்சு ஜீப்புல ஏறுறதுக்கு முன்னால வரிசையா நிக்கணும். பையையும் தூக்குவாளியையும் திறந்து காட்டணும், மடியை உதறணும். காய் விலை ஏறுற வருஷம்னா சோதனை இன்னும் ஜாஸ்தி. இது எனக்குத் தெரியும். ஆனா அதைச் செய்யறப்ப அம்மா முகம் எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். எதுவுமே இல்லை அந்த முகத்துல. அப்பா பீடி பத்த வைக்கப் போன கையை நிறுத்திட்டு (தீவுல பீடி கூடாதுன்னு ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிக் கட்டியாச்சு) வேற பக்கம் நடந்து போனாங்க.

சின்னவன் பவளத்தை என்ன பண்ணினான்னு கேட்கிறீங்களா? அம்மா அவனைத் தண்ணி ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கணுக்கால் வரைக்கும், அப்புறம் முட்டி வரைக்கும். பதினாறு வருஷமா படகு வேண்டாம்னு சொன்ன அம்மா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் கடல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் என்னமோ பேசினாங்க. அவன் துண்டைப் போட்டுட்டு, அது எங்க விழுந்துச்சுன்னு குனிஞ்சு தேடினான். ஒரு மணி நேரம் அங்கேயே விளையாடினாங்க. கிளம்பலாம்னு கூப்பிட்டப்ப, "இன்னும் கொஞ்ச நேரம்"னு சொன்னது பசங்க இல்லை.

திரும்பி வர்றப்ப அம்மா ஓரத்துல உட்கார்ந்து, படகு தெறிக்கிற தண்ணியில கையை நீட்டிக்கிட்டே வந்தாங்க. சின்னவன் மடியில தூங்கிட்டான்.

திங்கட்கிழமை. காலேஜ் திறக்க இன்னும் ஒரு நாள் இருந்ததால நான் வீட்லதான் இருந்தேன். அக்காவும் பசங்களும் கூட. அஞ்சரை மணிக்கு, பனியில தெருமுனையில ஜீப்பு. பசங்க ரெண்டு பேரும் எழுந்து போர்வையோட வாசலுக்கு வந்துட்டாங்க. ஏறுறதுக்கு முன்னால அம்மா நின்னு, விரலை நீட்டி எண்ணினாங்க. எனக்குக் கேட்டுச்சு.

"ஏங்க, பதினாலு இருக்கு."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு முன்னாலயே பார்த்தாங்க. உள்ள இருந்த ஒரு அக்கா, "என்ன மதினி, இன்னைக்குப் புதுசா எண்ணுறீக? ஏறுங்க, கங்காணி திட்டுவான்"னு இடம் ஒதுக்கினாங்க. அப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கிட்டாங்க. அம்மா ஏறினாங்க. பின்னால தொங்கிக்கிட்டிருந்த ஒரு பையனைப் பிடிச்சு உள்ள இழுத்து, தன் மடியில பாதி, பெஞ்சுல பாதின்னு உட்கார வச்சுக்கிட்டாங்க. வண்டி கிளம்பிச்சு.

"சித்தி, அம்மாச்சிக்கு ஜாக்கெட் குடுக்கலையா?"ன்னு சின்னவன் கேட்டான்.

அக்கா அவனைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. காய் எடுப்பு முடிய இன்னும் ஒரு மாசம் இருந்தது.